டீலோஸ் தீவுக்கு ஒரு பகல்: படகு ஏறுவது முதல் திரும்பும் வரை முழு வழிகாட்டி

கிரேக்க நாட்டில், மிக்கோனோஸ் தீவுக்குப் பக்கத்தில் உள்ள சிறு தீவு டீலோஸ்; பழங்கால இடிபாடுகளுக்குப் பேர்போனது. அங்கே இரவு தங்க முடியாது. ஓட்டல் கிடையாது, வாடகை அறை கிடையாது. காவலர்களையும் அகழாய்வுக்காரர்களையும் தவிர அங்கே யாரும் குடியிருப்பதும் இல்லை. பகலில் படகில் போய், தளம் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் இந்தப் பயணத்தில் உண்மையாகவே யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: கையில் இருக்கிற நான்கைந்து மணி நேரத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

படகிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் நேராகக் கோயில் வளாகத்துக்குப் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் அடித்தளக் கற்கள்தான் மிச்சம். அவற்றுக்கு நடுவே வெயிலில் சுற்றிக் களைத்து, சிங்கச் சிலைகளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, தீவின் மிக அருமையான பகுதியான மேட்டுப்பக்கத்து வீடுகளைப் பார்க்கத் தெம்பில்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை அதற்கு நேர்மாறு. முதலில் வீடுகள், அப்புறம் மலை, கோயில் கடைசியில்.

## கிளம்புவதற்கு முன் கொஞ்சம் கதை

இடிபாடு பார்க்கப் போகும்போது கதை தெரியாமல் போனால் எல்லாமே கல்லாகத்தான் தெரியும். டீலோஸுக்கு இரண்டு கதைகள் உண்டு.

முதல் கதை சாமி கதை. தேவர்களின் அரசன் ஸியூஸால் கர்ப்பமான லீட்டோவை, அவன் மனைவி ஹீரா ஊர் ஊராகத் துரத்துகிறாள். ஹீராவுக்குப் பயந்து எந்த மண்ணும் லீட்டோவுக்கு இடம் கொடுக்கவில்லை. கடலில் நிலையில்லாமல் மிதந்துகொண்டிருந்த ஒரு பாறைத் தீவு மட்டும் ஏற்றுக்கொண்டது. அங்கே ஒரு பேரீச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அப்போலோவைப் பெற்றாள். இரட்டையரில் இன்னொருத்தியான ஆர்ட்டெமிஸும் பிறந்தது இங்கேதான் என்பார்கள். ஐந்து கிலோமீட்டர் நீளமும் ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம் அகலமும் உள்ள, விளைச்சலுக்கு லாயக்கில்லாத இந்தத் தீவு கிரேக்க உலகத்தின் புண்ணியத் தலங்களில் ஒன்றானது இப்படித்தான்.

அந்தப் புனிதத்தை ஏதென்ஸ் தன் அரசியலுக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பாரசீகர்களை எதிர்க்க கி.மு. 478இல் உருவான கிரேக்க நகரங்களின் கூட்டணிக்குக் கஜானா டீலோஸில்தான் இருந்தது. கி.மு. 454இல் ஏதென்ஸ் அதைத் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. கி.மு. 426இல் தீவைச் ‘சுத்திகரிக்கிறோம்’ என்று சொல்லி எல்லாக் கல்லறைகளையும் தோண்டி, எலும்புகளைப் பக்கத்துத் தீவான ரெனியாவுக்கு மாற்றினார்கள். இனி டீலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று உத்தரவு. பிரசவ வலி நெருங்கியவர்களும் சாகக் கிடப்பவர்களும் படகில் ரெனியாவுக்குப் போக வேண்டும். சில வருடங்களில் உள்ளூர்க்காரர்களையே தீவைவிட்டு வெளியேற்றிவிட்டார்கள். பிறகு திரும்ப அனுமதித்தார்கள்.

சாக்ரட்டீஸின் மரணத்திலும் இந்தத் தீவுக்குப் பங்கு உண்டு. ஏதென்ஸ் ஆண்டுதோறும் டீலோஸுக்கு ஒரு புனிதக் கப்பல் அனுப்பும். அது போய்த் திரும்பும்வரை நகரத்தில் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. கி.மு. 399இல் சாக்ரட்டீஸுக்குத் தீர்ப்பு வந்த நேரம் கப்பல் கிளம்புவதற்கான சடங்கு முடிந்திருந்தது. அது திரும்பும்வரை அவர் சிறையில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கதை வியாபாரக் கதை. கி.மு. 167 வாக்கில் ரோம், டீலோஸைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தது. போட்டியாக இருந்த ரோட்ஸ் தீவை அடக்குவதுதான் நோக்கம். இத்தாலி, சிரியா, எகிப்து, பெய்ரூட் என்று எங்கிருந்தெல்லாமோ வணிகர்கள் வந்து குவிந்தார்கள். விற்கப்பட்ட சரக்கில் மனிதர்களும் அடக்கம். ஒரே நாளில் பத்தாயிரக்கணக்கான அடிமைகளை ஏற்றி இறக்கும் சக்தி டீலோஸுக்கு இருந்தது என்று பழங்காலப் புவியியல் அறிஞர் ஸ்டிராபோ எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 88இல் ரோமின் எதிரியான மன்னர் மித்ரிடேட்டஸின் படையும், கி.மு. 69இல் கடற்கொள்ளையரும் தாக்கிச் சூறையாடிய பிறகு ஊர் எழவே இல்லை. இன்று நாம் பார்க்கப்போகும் வீடுகள் பெரும்பாலும் இந்த நூறு வருடச் செழிப்பில் கட்டப்பட்டவை.

## எப்போது போவது, எப்படிப் போவது

ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் நடு வரையிலும், செப்டம்பரிலும் போவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் இடிபாடுகளுக்கு நடுவே செந்நிறக் கசகசாப் பூக்கள் நிறைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஒரு பக்கம்; மெல்தெமி என்கிற வடக்குக் காற்று இன்னொரு பக்கம். காற்று பலமானால் படகு ரத்தாகிவிடும். குளிர்காலத்தில் போக்குவரத்து அநேகமாக இருக்காது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஏதென்ஸ் போய், அங்கிருந்து மிக்கோனோஸ் தீவுக்கு விமானத்திலோ கப்பலிலோ போகலாம். பிரேயஸ், ரஃபினா ஆகிய இரண்டு துறைமுகங்களிலிருந்தும் கப்பல் உண்டு. ரஃபினா விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால், இறங்கியதும் நேராகத் தீவுக்குப் போகிறவர்களுக்கு அது வசதி.

மிக்கோனோஸ் விலை அதிகமான ஊர். நக்சோஸ், பரோஸ் தீவுகளில் தங்கிக்கொண்டு, சீசனில் அங்கிருந்து கிளம்பும் ஒருநாள் படகுச் சுற்றுலாவில் வருபவர்களும் இருக்கிறார்கள். செலவு குறையும், உண்மைதான். ஆனால் அந்தப் படகுகள் டீலோஸில் கொடுக்கும் நேரமும் குறைவு. இந்தத் தீவுக்காகவே வருகிறீர்கள் என்றால் மிக்கோனோஸில் இரண்டு இரவாவது தங்குங்கள். அதிலும், வந்து சேர்ந்த மறுநாள் காலையே டீலோஸை வைத்துக்கொள்ளுங்கள். காற்றால் படகு ரத்தானால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

## டிக்கெட்டும் படகும்

மிக்கோனோஸில் இரண்டு துறைமுகங்கள். ஏதென்ஸிலிருந்து வரும் பெரிய கப்பல்கள் நிற்பது ஊருக்கு வெளியே தூர்லோஸ் புதுத் துறைமுகத்தில். டீலோஸ் படகு கிளம்புவது ஊரை ஒட்டிய பழைய துறைமுகத்தில். இதைக் குழப்பிக்கொண்டால் முதல் படகு போய்விடும்.

படகுக்கு ஒரு டிக்கெட், தீவின் நுழைவுக்குத் தனி டிக்கெட். இரண்டும் சேர்ந்த பொட்டலமாக வாங்குகிறீர்களா, வழிகாட்டி அதில் அடக்கமா என்று கேட்டு வாங்குங்கள். சீசனில் காலை வேளையில் சில நடைகள் உண்டு. முதல் நடையையே பிடியுங்கள். கடக்க அரை மணி நேரம்தான், ஆனால் அலை இருந்தால் படகு நன்றாகவே ஆடும். வயிறு புரட்டுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.

அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும்போதே விசாரியுங்கள். பராமரிப்புக்காக மூடுவது உண்டு. அப்புறம், திரும்பும் படகுகளின் நேரப் பலகையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி தேவையா? உரிமம் பெற்ற நல்ல வழிகாட்டி கிடைத்தால் கோயில் வளாகத்தில் மிகவும் உதவுவார். ஆனால் குழுச் சுற்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடியும், மலைக்கும் கூட்டிப்போகாது. கதை கொஞ்சம் தெரிந்தவர்கள் தனியாகச் சுற்றுவதே மேல் என்பது என் கருத்து.

## எதை எடுத்துப் போவது

தண்ணீர். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது. தீவில் நிழல் என்பதே கிடையாது, கடையை நம்பவும் முடியாது. குடை காற்றில் நிற்காது. நாடா கட்டிய தொப்பி வேண்டும். செருப்பு வேண்டாம், நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். பழைய கல் வழிகள் தேய்ந்து வழுக்கும், மலைப்படி கரடுமுரடு. சாப்பாட்டுக்கு மிக்கோனோஸ் பேக்கரிகளில் ஸ்பனகோபிதா என்கிற கீரைப் பேஸ்ட்ரி கிடைக்கும், பாலாடைக்கட்டி சேர்ந்தது, சைவக்காரர்களுக்குக் கவலை இல்லை. இரண்டு வாழைப்பழமும் போட்டுக்கொண்டால் பகல் ஓடிவிடும். கழிவறையைப் படகு ஏறுமுன்னே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

## முதல் ஒன்றரை மணி நேரம்: நாடகசாலைத் தெருவின் வீடுகள்

துறையில் இறங்கி வாசலைத் தாண்டியதும் ஒரு திறந்த சதுக்கம் வரும். கொம்பெத்தாலியாஸ்டுகளின் சந்தைவெளி என்று பெயர். ரோம நாற்சந்தித் தெய்வங்களைக் கும்பிட்ட, அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளுமான ஒரு கூட்டத்தாரின் இடம். இங்கே கூட்டம் இடதுபுறம் கோயிலை நோக்கித் திரும்பும். நீங்கள் வலதுபுறம் மேடேறும் தெருவைப் பிடியுங்கள்.

தெரு குறுகலானது. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர்கள், வாசற்படிகள், கடை அறைகள். கோயில் வாசலை ஒட்டிக் கடைவீதி வளர்ந்த ஊர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த ஊரின் அமைப்பு சட்டென்று பிடிபடும்.

முதலில் கிளியோபாட்ராவின் வீடு. எகிப்து ராணி அல்ல. ஏதென்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துப் பெண். முற்றத்தில் தலையில்லாத இரண்டு உருவங்கள் நிற்கும், ஒன்று அவள், மற்றது கணவர் தியோஸ்கூரிதீஸ். அங்கிருப்பவை நகல்கள்; மூலச் சிலைகள் அருங்காட்சியகத்தில். பீடத்தின் எழுத்து என்ன சொல்கிறது தெரியுமா? அப்போலோ கோயில் வாசலின் இருபுறமும் இரண்டு வெள்ளி முக்காலிகளைக் காணிக்கையாக வைத்த தன் கணவருக்காகக் கிளியோபாட்ரா இந்தச் சிலையை நிறுவினாள் என்கிறது. காலம் கி.மு. 138–137. காணிக்கை வைத்தது கோயிலில், அதைப் பறைசாற்றியது சொந்த வீட்டு முற்றத்தில். வருகிற வியாபாரிகள் எல்லோரும் வாசித்திருப்பார்கள்.

அருகிலேயே மதுவின் தெய்வமான டயோனிசஸின் பெயரில் ஒரு வீடு. இங்கே நிதானமாக நில்லுங்கள். முற்றத்துத் தரையில், சிறகு முளைத்த டயோனிசஸ் புலிமேல் ஏறிப்போகும் மொசைக் படம். தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம் என்றே நினைப்பீர்கள். அவ்வளவு சின்னச் சின்னக் கல் துண்டுகள். வெயில் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் புலியின் முகம் தனியாகத் தெரியும். அந்தத் தரைக்கு அடியில் இருப்பது தண்ணீர்த் தொட்டி. ஆறு, குளம் பெரிதாக இல்லாத தீவு. கூரையில் விழும் மழையை முற்றத்தின் வழியாகப் பிடித்துச் சேமித்தார்கள். விருந்தாளிக்குக் காட்டும் அலங்காரமும் வீட்டுக்குத் தேவையான தண்ணீரும் ஒரே சதுரத்துக்குள்.

அடுத்து திரிசூல வீடு. சூலம் என்றதும் சிவனை நினைத்துவிட வேண்டாம், இது கடல் தெய்வம் போசைடனுடையது. தரையில் நாடா கட்டிய சூலமும், நங்கூரத்தைச் சுற்றிய டால்பினும் இருக்கும். கடல் வணிகத்தில் பணம் பார்த்த குடும்பம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தெரு முடியும் இடத்தில் நாடகசாலை. சுமார் 5,500 பேர் உட்காரலாம். இருக்கைகள் சிதைந்திருந்தாலும் சரிவின் வடிவம் அப்படியே இருக்கிறது. அதைவிடப் பின்புறம் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள். நாடகசாலையின் சரிவில் விழும் மழை மொத்தமும் வழிந்து இங்கே சேரும். கல்வளைவுகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. பலர் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம் இது.

இன்னும் மேலே முகமூடிகள் வீடும் டால்பின் வீடும். முன்னதில் நாடக முகமூடிகளும், சிறுத்தைமேல் அமர்ந்த டயோனிசஸும். பின்னதில் கைவினைஞரின் கையெழுத்தே இருக்கிறது: ‘அராதோஸ் ஊர் அஸ்கிளெப்பியாதீஸ் செய்தது’. அராதோஸ் சிரியாக் கரையோரத் தீவு. வீட்டு நுழைவில் ஃபினீசியத் தெய்வமான தனித்தின் குறி பதித்திருக்கிறது. வீட்டுக்காரர் எந்தப் பக்கத்து ஆள் என்று அந்தக் குறியே சொல்கிறது.

## அடுத்த ஒரு மணி நேரம்: கின்தோஸ் மலை

மலை என்று சொன்னாலும் உயரம் 112 மீட்டர்தான். படிகளும் உண்டு, சாவகாசமாக ஏறினால் இருபது நிமிடம். வழியில் ஹெராக்கிளீஸ் குகை என்று ஒன்று வரும்: பாறைப் பிளவின்மேல் பெரிய கருங்கல் பலகைகளை ஜோடி ஜோடியாகச் சாய்த்துக் கூரை போட்டிருக்கிறார்கள். பார்த்தால் ஆதிகாலத்தது போலிருக்கும். ஆனால் கட்டியது கிரேக்க வணிக யுகத்துக்குச் சற்று முன்னால்தான் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கே கல்லறைத் தீவான ரெனியா, வடகிழக்கே மிக்கோனோஸ், தெற்கே நக்சோஸும் பரோஸும், வடக்கே தினோஸ். கீழே நீங்கள் நடந்த தெரு, இனி நடக்கப்போகும் கோயில் வளாகம், ஏரி இருந்த பள்ளம் எல்லாம் வரைபடம் போலத் தெரியும். மலையை நடுவில் வைத்ததற்கு இதுதான் காரணம்: மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால் கோயில் பகுதியில் தடுமாற மாட்டீர்கள்.

இறங்கும்போது அந்நிய தெய்வங்களின் மேடை வழியாக வாருங்கள். எகிப்திய ஐசிஸுக்குக் கோயில். முகப்பைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே தலையில்லாத ஐசிஸ். பக்கத்தில் செராப்பிஸ், சற்றுத் தள்ளிச் சிரியாவின் அதர்காத்திஸும் ஹதாதும். வியாபாரிகள் சரக்கோடு சாமியையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே ஹீராவுக்கும் ஒரு கோயில் உண்டு என்பதுதான் வேடிக்கை. லீட்டோவைத் துரத்தியவளையும் சமாதானமாக வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்!

அதற்குக் கீழே சரிவில் ஹெர்மீஸ் வீடு. பல மாடிகளின் சுவர் நிற்கும் வீடு, மாடிக்கூடம் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க முடிகிற இடம்.

## ஏரி, சிங்கங்கள், கோயில்

அருங்காட்சியகம் திறந்திருந்தால் இந்த நேரத்தில் உள்ளே போவது வெயிலுக்கும் நல்லது. பிறகு வடக்கே நடந்தால் சிங்கங்களின் மேடை. நக்சோஸ் தீவினர் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் காணிக்கையாக வைத்த பளிங்குச் சிங்கங்கள். வரிசையில் குறைந்தது ஒன்பது சிங்கங்கள் இருந்திருக்கும். மேடையில் நிற்பவை நகல்கள், கடற்காற்று அரித்ததால் மூலங்கள் உள்ளே போய்விட்டன. ஒன்று வெனிஸ் ஆர்சனலின் வாசலில் இருக்கிறது, வேறு தலையோடு.

சிங்கங்கள் பார்த்துக்கொண்டிருந்தது புனித ஏரியை. இப்போது ஏரி இல்லை. மலேரியாக் கொசுவுக்குப் பயந்து 1920களில் நீரை வடித்துவிட்டார்கள். வட்டச் சுவரும் நடுவே நட்டுவைத்த ஒரு பேரீச்சை மரமும்தான் அடையாளம்.

பக்கத்தில் இத்தாலியர்களின் சந்தைவெளி, தீவிலேயே பெரிய கட்டடம். எதற்காகக் கட்டினார்கள் என்பதில் இன்றும் சண்டை; அடிமைச் சந்தை என்பார் ஒரு பக்கம், இல்லை என்பார் மறுபக்கம். நேரம் இருந்தால் வடகிழக்குக் கரையில் உள்ள யூதர்களின் தொழுகைக் கூடம் வரை போய்வரலாம்.

இனி தெற்கே திரும்பி அப்போலோ வளாகம். மூன்று கோயில்களின் அடித்தளங்கள் அடுத்தடுத்து. பெரியதைக் கட்டத் தொடங்கியது கூட்டணி உருவான காலத்தில். கஜானா ஏதென்ஸுக்குப் போனதும் வேலை நின்றது. மறுபடி கைவைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. இவ்வளவு புகழ் பெற்ற இடத்தில் சுவர் ஏன் இல்லை என்றால், பளிங்கை எல்லாம் பிற்காலத்தில் கட்டடம் கட்டவும் சுண்ணாம்பு சுடவும் எடுத்துப்போய்விட்டார்கள்.

நக்சோஸ்காரர்கள் வைத்த அப்போலோ சிலை ஒன்பது மீட்டர் உயரம் இருந்தது. அதன் மார்பும் இடுப்பும் தனித்தனியாகத் தரையில் கிடக்கின்றன. பாதத்தின் ஒரு துண்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸ் ஒருமுறை ரெனியாவிலிருந்து டீலோஸுக்கு ராவோடு ராவாகப் படகுப்பாலம் போட்டு ஊர்வலம் நடத்தி, வெண்கலப் பேரீச்சை மரம் ஒன்றைக் காணிக்கை வைத்தார். பிறகு அந்த மரம் காற்றில் சாய்ந்து இந்தச் சிலையையும் தள்ளிவிட்டது என்று பழங்கால எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். அங்கே அடிக்கும் காற்றைப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வளாகத்தின் கிழக்கோரம் தூண்மேல் பெரிய ஆண்குறிச் சிற்பம் உண்டு. நாடகப் போட்டியில் வென்ற கரிஸ்தியோஸ் என்பவர் கி.மு. 300 வாக்கில் டயோனிசஸுக்கு வைத்த நன்றிக்கடன். கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

## சில கட்டுப்பாடுகள்

கயிறு கட்டிய இடத்தைத் தாண்டினால் காவலர் விசில் ஊதுவார். சுவர்மேல் ஏறக் கூடாது, மொசைக்கை மிதிக்கக் கூடாது, கல்லோ பானை ஓடோ எடுத்தால் அது குற்றம். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட முடியாது. தீவில் கடல் குளியலும் கிடையாது. சுவரிடுக்கில் முதுகு சொரசொரப்பான பெரிய ஓணான்கள் வெயில் காயும். ஒன்றும் செய்யாது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

படகு நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் துறைக்கு வந்துவிடுங்கள். கடைசிப் படகில் வரிசை நீளமாக இருக்கும். முடிந்தால் அதற்கு முந்தைய படகைப் பிடியுங்கள்.

## மிச்சத்தை எங்கே பார்ப்பது

டீலோஸில் கிடைத்தவற்றில் முக்கியமான சில இரண்டு வேறு இடங்களில் இருக்கின்றன. ஏதென்ஸ் சுத்திகரிப்பில் தோண்டி ரெனியாவில் ஒரே குழியில் கொட்டிய கல்லறைப் பானைகள் 1898இல் கிடைத்தன. அவை மிக்கோனோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பழைய துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில், நக்சோஸ் பெண் நிக்காந்திரே கி.மு. 650 வாக்கில் ஆர்ட்டெமிஸுக்கு வைத்த சிலை, தலையில் பட்டை கட்டும் இளைஞன் தியாதூமெனோஸ், பெய்ரூட் வணிகர் சங்கக் கட்டடத்தில் கிடைத்த, செருப்பை ஓங்கிப் பான் என்கிற காட்டுத் தெய்வத்தை மிரட்டும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி ஆகிய மூன்றும் உள்ளன. ஏதென்ஸில் இறங்கியதும் ஒரு மதியம் ஒதுக்கி இவற்றைப் பார்த்துவிட்டுத் தீவுக்குக் கப்பல் ஏறுங்கள். காலி பீடங்களைப் பார்க்கும்போது அங்கே என்ன நின்றது என்று தெரிந்திருக்கும்.